ஸ்ட்ராஸ்பர்க், பென்சில்வேனியா: ஆமிஷ் பகுதிக்குப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லான்காஸ்டர் நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிற்றூர் ஸ்ட்ராஸ்பர்க். மக்கள்தொகை ஏறத்தாழ 3,000. நீராவி ரயில், பழைய செங்கல் வீடுகள், ஊரைச் சுற்றிலும் ஆமிஷ் (நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) பண்ணைகள் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறோம்.

ஸ்ட்ராஸ்பர்க் ஆமிஷ் ஊரா?

இல்லை. ஊருக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் மற்ற அமெரிக்கர்களைப் போலவே மின்சாரம், கார், டிவியோடு வாழ்பவர்கள். ஆமிஷ் குடும்பங்கள் ஊருக்கு வெளியே, பண்ணைகளில் இருக்கின்றன. ஊர் எல்லையைத் தாண்டி ஐந்து நிமிடம் எந்தக் கிளைச் சாலையில் போனாலும் கோவேறு கழுதைகள் பூட்டிய ஏரும், கொடியில் வரிசையாகக் காயும் கருநிற உடைகளும் கண்ணில் படும். "ஆமிஷ் கிராமம்" என்று வேலி போட்ட இடம் ஒன்று இருக்கும், டிக்கெட் வாங்கி உள்ளே போனால் அவர்களைப் பார்க்கலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். அவர்கள் அந்த வட்டாரத்தின் சாதாரணக் குடிமக்கள், நீங்கள் போவது அவர்கள் வசிக்கும் இடத்துக்கு.

ஊர் எப்படி உருவானது?

1710ல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி பகுதிகளிலிருந்து வந்த மென்னோனைட் (ஆமிஷுக்கு நெருங்கிய கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள் பெக்வே ஓடைக்கரையில் நிலம் பெற்றன. லான்காஸ்டர் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்றது) ஐரோப்பியக் குடியேற்றம் அப்படித்தான் நிலைகொண்டது. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மேற்கே சில கிலோமீட்டரில், வில்லோ ஸ்ட்ரீட் என்ற ஊரில், அவர்கள் 1719ல் கட்டிய ஹான்ஸ் ஹெர் இல்லம் என்ற கல்வீடு இன்னும் நிற்கிறது. கவுன்ட்டியில் இன்று எஞ்சியிருக்கும் வீடுகளிலேயே மிகப் பழையது அதுதான். தொழுகைக் கூடமாகவும் பயன்பட்டது.

பிலடெல்பியாவிலிருந்து சஸ்குவஹானா ஆறு வரை போன சரக்கு வண்டிப் பாதையில் இருந்ததால் ஸ்ட்ராஸ்பர்க் வளர்ந்தது. நாலு முதல் ஆறு குதிரைகள் இழுக்கும் பெரிய கனஸ்டோகா வண்டிகள் இரவு தங்கிப் போகும் ஊர் அது. வண்டிக்காரர்களுக்காகச் சத்திரங்கள் பெருகின. ஊருக்கு அல்சேஸ் பகுதியின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தின் பெயரை வைத்தார்கள். 1816ல் தனி ஆட்சி உரிமை பெற்ற பரோ ஆனது.

அதற்குள்ளாகவே சரிவு தொடங்கிவிட்டது. 1790களில் கட்டி முடித்த பிலடெல்பியா–லான்காஸ்டர் சுங்கச்சாலை, ஊருக்கு வடக்கே ஒதுங்கிப் போயிற்று. 1834ல் திறந்த பிலடெல்பியா–கொலம்பியா ரயில் பாதையும் அதேபோல ஊரைத் தொடாமல் போனது. வணிகம் கைநழுவுவதைக் கண்ட ஊரார், முதன்மைப் பாதையோடு இணைய, தாங்களே ஒரு கிளை ரயில் பாதைக்கு 1832லேயே அனுமதி வாங்கியிருந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறும் ரயில் அதுவே. இரண்டு முறை பெரும்பாதை விலகிப் போனதால்தான் ஊரின் முகம் மாறவில்லை என்பது எங்கள் கருத்து. நடுவே நெடுஞ்சாலை வந்திருந்தால் அந்த வீடுகளை இடித்துக் கடைகள் கட்டியிருப்பார்கள்.

ஊருக்குள் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

741ஆம் சாலையும் 896ஆம் சாலையும் சந்திக்கும் சென்டர் ஸ்கொயரில் தொடங்குங்கள். அங்கிருந்து மெயின் ஸ்ட்ரீட்டில் மேற்கே நடந்தால் 18ஆம் நூற்றாண்டு மரக்கட்டை வீடுகள், கல்வீடுகள், 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் எல்லாம் நடைபாதையை ஒட்டியே நிற்கும். முன்புறம் தோட்டம் விடும் வழக்கம் அன்று இல்லை. சில மரக்கட்டை வீடுகள் மேலே பலகை அடித்து மூடப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. ஜன்னல் குழியின் ஆழத்தைப் பாருங்கள்: சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே கட்டையோ கல்லோ இருக்கிறது என்று பொருள். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் இந்தப் பகுதி 1983ல் சேர்ந்தது. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும். ஸ்கொயரின் மூலையில் இருக்கும் பழைய கட்டடத்தில் ஐஸ்கிரீம் கடை ஒன்று உண்டு. கோடைகால மாலையில் வரிசை தெருவுக்கே வரும்.

நீராவி ரயிலில் என்ன விசேஷம்?

விளையாட்டு ரயில் என்று எண்ணாதீர்கள். ஸ்ட்ராஸ்பர்க் ரயில் ரோடு முழு அகலப் பாதையில், உண்மையான நிலக்கரி இன்ஜின்களோடு ஓடுகிறது. இன்றும் சரக்கு ஏற்றுகிறது, மற்ற ரயில் நிறுவனங்களின் நீராவி இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்துகிறது.

1957 வாக்கில் பாதையை மூடிவிடும் நிலை வந்தது. 1958ல் ரயில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கினார்கள். 1959 ஜனவரியில் சுற்றுலா ரயில் தொடங்கியது, 1960ல் நீராவி திரும்ப வந்தது. நிலையக் கட்டடம் 1882ல் ஈஸ்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரில் கட்டப்பட்டது. பிறகு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

போய்வரும் பயணம் 45 நிமிடம். ஒரு வழி சுமார் 7 கிலோமீட்டர், பாரடைஸ் என்ற ஊரின் லீமன் பிளேஸ் சந்திப்பு வரை. அங்கே அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் முதன்மைப் பாதையோடு இது சேரும். இன்ஜினைக் கழற்றி, லூப் லைன் வழியாகப் பெட்டிகளைக் கடந்து மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பயணத்தின் சிறந்த காட்சி இதுதான். இன்ஜினைத் திருப்ப அங்கே வசதி இல்லாததால், ஒரு திசையில் முன்னோக்கியும் மறு திசையில் பின்னோக்கியும் ஓடும். மெதுவாக உங்கள் ஜன்னலை உரசுவது போலப் போகும் இன்ஜினில் உந்து தண்டுகள் அசைவதை இத்தனை அருகில் வேறெங்கும் பார்ப்பது கடினம். எந்தப் பக்கம் லூப் லைன் இருக்கிறது என்று டிக்கெட் பரிசோதகரைக் கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள்.

எந்த இன்ஜின் வரும் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

அன்றைக்கு எது ஓடும் என்று உறுதி சொல்ல மாட்டார்கள். 475ஆம் எண் இன்ஜின் 1906ல் பால்ட்வின் நிறுவனம் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்னுக்காகக் கட்டியது. 90ஆம் எண் 1924ல் கட்டப்பட்டு, கொலராடோவில் சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய பெட்டிகளை இழுத்தது. பத்து உந்து சக்கரங்கள். 89ஆம் எண் 1910ல் கட்டிய கனடா இன்ஜின். ஏதாவது ஒன்று எப்போதும் பட்டறையில் கிடக்கும். காரணம் உண்டு: அமெரிக்க விதிப்படி நீராவி இன்ஜினின் கொதிகலனை 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முழுவதும் பிரித்துச் சோதிக்க வேண்டும். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

எந்த வகுப்பில் டிக்கெட் எடுக்கலாம்?

சாதாரணக் கோச்சே போதும். மரப் பெட்டி, திறக்கும் ஜன்னல். திறந்தவெளிப் பெட்டியில் காட்சி அருமை, ஆனால் கரித்தூள் கண்ணில் விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். உயர் வகுப்புகள் சிலவற்றில் சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, பதிவு செய்யும்போதே பாருங்கள். உணவுப் பெட்டியில் சாப்பிட நினைத்தால் 45 நிமிடம் சட்டென்று ஓடிவிடும், ஏறியதும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கோடையிலும் டிசம்பரிலும் இணையத்தில் முன்கூட்டியே எடுப்பது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை ரயில் தினமும் ஓடாது. சிறு குழந்தைகளுக்கான கதாபாத்திர ரயில் வரும் வார இறுதிகளில் நெரிசல் மிகுதி. அந்த ரயிலுக்காக வரவில்லை என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிரே உள்ள ரயில் அருங்காட்சியகமும் அவசியமா?

அவசியம். பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகத்தை 1975ல் மாநில அரசு திறந்தது. இன்ஜின்களும் பெட்டிகளுமாக நூற்றுக்கும் மேல். ஓர் இன்ஜினின் அடியில் பள்ளத்தில் இறங்கி, சாம்பல் தொட்டியையும் அச்சுகளையும் கீழிருந்து பார்க்கலாம். ஜிஜி1 மின்சார இன்ஜின்களைத் தவறவிடாதீர்கள்: 1934ல் முதலில் கட்டிய 4800 எண் இன்ஜினின் உடலில் ஆயிரக்கணக்கான ஆணிமுனைகள் தெரியும், பிறகு வந்தவற்றில் பற்றவைத்து வழுவழுவென்று ஆக்கினார்கள். உள்ளே இருக்கும் 4935ஐப் பார்த்துவிட்டு வெளியே போய் 4800ஐப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் வாரத்தில் சில நாள் மூடியிருக்கும்.

பொம்மை ரயில் பிடித்தவர்களுக்கு 741ஆம் சாலையிலேயே 1961ல் தொடங்கிய சூ சூ பார்ன் என்ற நகரும் மாதிரி ஊர் உண்டு. பாரடைஸ் லேனில் தேசியப் பொம்மை ரயில் அருங்காட்சியகம் உண்டு. இரண்டுமே சிறியவை, தலா முக்கால் மணி நேரம். பழைய ரயில் கார்டு பெட்டிகளை அறைகளாக மாற்றிய விடுதி ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது, 1970ல் திறந்தது. திறந்திருக்கும் நேரத்தைப் புறப்படுமுன் சரிபாருங்கள்.

ஆமிஷ் யார்? மென்னோனைட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறார்கள்?

இரு பிரிவினரும் 16ஆம் நூற்றாண்டின் மறு ஞானஸ்நான இயக்கத்திலிருந்து வந்தவர்கள்: குழந்தைக்கு அல்ல, நம்பிக்கையை அறிந்து ஏற்கும் பெரியவருக்கே ஞானஸ்நானம் என்பது கொள்கை. 1693ல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபை ஒழுங்கைக் கடுமையாக்க வேண்டும் என்று பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள்.

லான்காஸ்டரில் சாலையிலேயே அடையாளம் காணலாம். சாம்பல் நிறக் கூரை வண்டி ஆமிஷ். கறுப்பு வண்டி பழைய மரபு மென்னோனைட். ஆமிஷ் ஆண்கள் திருமணத்துக்குப் பின் தாடி வளர்ப்பார்கள், மீசை வைக்க மாட்டார்கள். வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன், தொழுகையில் பழைய ஜெர்மன், வெளியாரிடம் ஆங்கிலம் என்று மூன்று மொழிகள். குழந்தைகள் எட்டாம் வகுப்பு வரை ஓரறைப் பள்ளியில் படிக்கிறார்கள்; அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்சாரம் இல்லாமல் பால் பண்ணை நடத்துவது எப்படி?

பொது மின்கம்பியோடு வீட்டை இணைப்பதுதான் அவர்களுக்குத் தடை. கம்பி வழியே வெளியுலகமும் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது காரணம். ஆற்றலே வேண்டாம் என்பதில்லை. தொழுவத்தின் ஓரம் சிறு கொட்டகையில் டீசல் இன்ஜின் ஒன்று இருக்கும். பால் தொட்டியைக் குளிர்விப்பதும், காற்றழுத்தியை ஓட்டுவதும் அதுவே. அழுத்தக் காற்று குழாய் வழியே பட்டறைக்கும் சமையலறைக்கும் போய், துளைபோடும் கருவியையும் தையல் இயந்திரத்தையும் சுழற்றும். குளிர்பெட்டி, அடுப்பு எரிவாயுவில். விளக்கு இப்போது பெரும்பாலும் பேட்டரியில். வயலில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் மேலேயே இன்ஜின் இருக்கும், ஆனால் அதை இழுப்பது கோவேறு கழுதைகள். டிராக்டர் ரப்பர் சக்கரத்தில் ஓடினால் அதையே காராக ஓட்டிவிடுவார்கள் என்பதால் இரும்புச் சக்கரம். தொலைபேசி வீட்டுக்குள் இல்லை. பாதையோரத்தில் சிறு கூண்டு போலத் தெரிவது அதுதான். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று ஒவ்வொரு சபையும் கூடி யோசித்து முடிவெடுக்கிறது. அந்த நிதானம் மதிக்கத்தக்கது.

படம் எடுக்கலாமா?

முகம் தெரியும்படி எடுக்காதீர்கள். அனுமதி கேட்டுத் தொல்லைப்படுத்தவும் வேண்டாம். முகத்தைக் காட்டி நிற்பது அவர்களுக்குத் தற்பெருமை. வயல், வண்டி, தொழுவம் எடுக்கலாம், சாலையில் நின்றபடி. பண்ணைப் பாதைக்குள் காரை விடுவது அத்துமீறல். "விற்பனைக்கு" என்று பலகை இருந்தால் மட்டும் உள்ளே போகலாம், அதுவும் ஞாயிறு தவிர. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக் குழந்தைகளைப் பார்ப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். 2006 அக்டோபர் 2 அன்று அருகிலுள்ள நிக்கல் மைன்ஸில் ஆமிஷ் பள்ளியொன்றில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து சிறுமிகள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தைத் தேடிப் போகாதீர்கள்.

வாழ்க்கைமுறையைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினால் வழிகாட்டியோடு பார்க்கும் இடங்கள் உண்டு: 30ஆம் சாலையில் 1955ல் திறந்த ஆமிஷ் ஃபார்ம் அண்டு ஹவுஸ், 896ஆம் சாலையில் 1840ஆம் ஆண்டு வீட்டோடு கூடிய ஆமிஷ் வில்லேஜ். இரண்டிலும் ஆமிஷ் குடும்பம் வசிப்பதில்லை. அதனால் தயங்காமல் கேட்கலாம்.

குதிரை வண்டிக்குப் பின்னால் கார் ஓட்டும்போது என்ன கவனம் தேவை?

வண்டி மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். மேட்டின் மறுபுறத்தில் திடீரென்று முன்னால் நிற்கும், விபத்துகள் பெரும்பாலும் அங்கேதான். பின்புறத்தில் ஆரஞ்சு முக்கோணத்தைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். எதிர்ச்சாலை முழுதும் தெரியும்வரை காத்திருந்து, நிறைய இடைவெளி விட்டுக் கடந்து, நன்றாக முன்னே போன பிறகே உங்கள் பாதைக்குத் திரும்புங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். பெரும்பாலான குதிரைகள் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றவை. சாலைக்குப் பழகியவைதான், என்றாலும் மிரண்டால் வண்டி கவிழும். இரவில் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள்.

கூரை போட்ட மரப்பாலங்களிலும் அதே பொறுமை வேண்டும். மரச்சட்டம் மழையில் மக்காதிருக்கத்தான் அந்தக் கூரை. பெக்வே ஓடையின் மேல் இருக்கும் நெஃப்ஸ் மில் பாலம் ஒரு வண்டி அகலம் மட்டுமே. எதிரே வருபவர் முதலில் நுழைந்துவிட்டால் நீங்கள் நிற்க வேண்டும்.

எப்படிப் போவது?

காரில். பிலடெல்பியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், நியூயார்க்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். 30ஆம் சாலையிலேயே நேராக வந்தால் தள்ளுபடிக் கடைகள் இருக்கும் பகுதியில் கோடையில் மாட்டிக்கொள்வீர்கள். கிழக்கிலிருந்து வருகிறவர்கள் கேப் என்ற ஊரில் 741ஆம் சாலைக்குத் திரும்பி மேற்கே வந்தால் பண்ணைகள் நடுவே ஸ்ட்ராஸ்பர்க்குக்கே வந்து சேரலாம். பிலடெல்பியாவிலிருந்து லான்காஸ்டருக்கு ஆம்ட்ராக் ரயில் உண்டு, ஆனால் அங்கிருந்து வாடகைக் கார் தேவை.

எந்தக் கிழமை நல்லது?

செவ்வாய், வெள்ளி, சனி. லான்காஸ்டர் நகரத்தின் சென்ட்ரல் மார்க்கெட் இந்த மூன்று நாள்தான் திறந்திருக்கும். இப்போதைய கட்டடம் 1889ல் எழும்பியது. காலையில் மார்க்கெட், பிற்பகலில் ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு ஆமிஷ் கடைகள் எல்லாம் மூடல், விவிலியக் கதைகளைப் பிரம்மாண்ட மேடையில் நடத்தும் சைட் அண்டு சவுண்ட் அரங்கமும் மூடல். ரயில் ஓடும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். பை என்பது மாவுத் தட்டில் நிரப்பிச் சுடும் பண்டம்; அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம்; வெண்ணெயா, தாவரக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று கேளுங்கள். பீன்ஸிலும் கீரையிலும் பேகன் (பன்றி இறைச்சி) துண்டுகள் இருக்கலாம். பாட் பை என்றால் இங்கே மூடிய பை அல்ல, கோழிச் சாற்றில் வெந்த தட்டையான மாவுத் துண்டுகள். சௌ சௌ என்ற புளிப்பு–இனிப்புக் காய்கறி ஊறுகாய், ஆப்பிள் பட்டர், பிரெட்செல் மூன்றும் பொதுவாகப் பாதுகாப்பானவை.

ஷூஃப்ளை பையை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். இது மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் கிடைக்கும் கரும்பாகு) ஊற்றிச் சுடும் இனிப்புப் பை. பை மாவை விரித்த 9 அங்குலத் தட்டு ஒன்று. ஒன்றரை கப் மைதா, அரை கப் பழுப்புச் சர்க்கரை, கால் கப் குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் விரலால் உதிரியாகப் பிசறுங்கள். ஒரு கப் மொலாசஸ், ஒரு முட்டை கலந்து வையுங்கள். முக்கால் கப் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து அதில் ஊற்றி, உடனே தட்டில் விட்டு, உதிரியை மேலே தூவி ஓவனில் வையுங்கள். 220 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், பிறகு 175ல் 30 நிமிடம். சோடா கரைத்த பின் தாமதித்தால் நுரை அடங்கி, பை கனமாகிவிடும். மொலாசஸில் மிகக் கறுத்த, கசப்பான வகையை வாங்காதீர்கள். அடியில் கூழ் போல ஈரம் இருப்பது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள்.

குயில்ட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

குயில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த கனமான போர்வை. பின்பக்கம் திருப்புங்கள். கைத்தையலில் ஒவ்வொரு தையலுக்கும் இடையே இடைவெளி தெரியும்; அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து தையல் இருந்தால் நல்ல வேலை. தொடர்ச்சியான கோடாக இருந்தால் இயந்திரம். துண்டுகளை இணைக்க மட்டும் இயந்திரம் பயன்படுத்துவது வழக்கம்தான். பெரிய கட்டிலுக்கான கைத்தையல் குயில்ட் ஆயிரம் டாலருக்கு மேல் போகும். மிகவும் மலிவாக இருந்தால் இறக்குமதி. லான்காஸ்டர் குயில்ட்டுகள் சிலவற்றில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அங்கே குடியேறிய மோங் இனப் பெண்களின் கைவேலையும் உண்டு. அது தரக்குறைவல்ல, ஆனால் யார் தைத்தது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் சொல்வார்.

மட் சேல் என்றால் என்ன?

தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு நிதி திரட்ட வசந்தத்தில் நடக்கும் ஏலம். பிப்ரவரி இறுதியில் தொடங்கும்; பனி உருகிச் சேறாகும் நேரம் என்பதால் அந்தப் பெயர். குயில்ட், மரச்சாமான், பழைய கருவி, குதிரை வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் பல ஏலக்காரர்கள் கூவுவார்கள். அடையாள அட்டை காட்டி எண் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் கேட்கும் விலை செல்லாது. குயில்ட் ஏலம் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரியுங்கள், ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள், முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள். வாங்கிய பொருளை அன்றே எடுத்துப் போக வேண்டும், எனவே அலமாரிக்கு ஏலம் கேட்குமுன் காரின் பின்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்.